கீழேயா, மேலேயா

சாம்பியன் ரீஃப்ஸ், கே.ஜி.எஃப்.
3 ஜூன் 2024, திங்கள்

திரு. தியோடர் அவர்களுக்கு,

ஐரின் எழுதுவது. என் வீட்டுக்காரர் கில்பர்ட் அடக்கத்தன்று, இனி உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். பதினெட்டு வருஷமாகக் கேட்கவில்லை. இப்போது எனக்கு யார் குரலும் கேட்பதில்லை, இரண்டு காதும் மந்தம். உன் கையெழுத்தைப் பார்க்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதாக நினைவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரலிலிருந்து எனக்கு நீர்க்கடுப்பு. இங்கே கிளினிக்கில் மூன்று தடவை மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாள் விடும், பிறகு வந்துவிடும். சர்க்கரை வேறு இருக்கிறது. டாக்டர், "பிளாடர்லதாம்மா இன்ஃபெக்‌ஷன், வேற ஒண்ணும் இல்ல" என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். கில்பர்ட்டுக்கும் இதையேதான் சொன்னார்கள். "கிட்னில இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "கிட்னின்னா நீங்க இப்படி நின்னு என்னோட சண்டை போடுவீங்களா?" என்று எழுதிவிட்டுச் சிரிக்கிறார்.

நீ முப்பத்தைந்து வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவன். கிருமி கீழே சிறுநீர்ப்பையில் இருக்கிறதா, மேலே சிறுநீரகத்தில் இருக்கிறதா, பார்த்துச் சொல். கில்பர்ட் விஷயத்தில் பார்த்தாய், சொல்லவில்லை. எனக்காவது சொல்.

இரண்டு நிபந்தனை. ஹெலனுக்குத் தெரியக்கூடாது. என் மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. தெரிந்தால் லீவு போட்டுவிட்டு வந்து, அவள் அப்பா செத்த ஊருக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். இரண்டாவது, நீ இங்கே வரக்கூடாது. எதிர்வீட்டு ஷங்கர் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வந்து ஆஸ்டின் டவுனில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறார். விவேக் நகரில் உன் தெருவைத் தாண்டித்தான் போகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்பு.

ஐரின்


விவேக் நகர், பெங்களூர்
4 ஜூன் 2024

அன்புள்ள ஐரினுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். பதில் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் கேட்டது நீ.

முதலில் நான் செய்ததை எழுதிவிடுகிறேன். கில்பர்ட்டின் சாம்பிளில் நான் அன்று 'காஸ்ட்' பார்த்தேன். சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் சீழ் அணுக்கள் உறைந்து, அந்தக் குழாயின் அச்சிலேயே சின்ன உருளையாக வெளியே வருவதை அப்படிச் சொல்வோம். சிறுநீர்ப்பையில் அது உருவாகாது. அதைப் பார்த்துவிட்டால் நோய் மேலே இருக்கிறது என்று பொருள். நான் பார்த்தது இரண்டே இரண்டு. பெரிய டாக்டர் அதற்கு முன்பே 'பிளாடர்' என்று எழுதிவிட்டார். அவை வெறும் சளி இழையாக இருக்கலாம் என்று என்னையே சந்தேகப்பட்டு, ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் 'இல்லை' என்பதற்கு ஒரு கோடு போட்டேன். அடக்கம் முடிந்த பிறகு உன்னிடம் சொன்னேன். அதைவிடச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று சிலசமயம் தோன்றும். அதுவும் தவறுதான்.

உன் கேள்வி எளிதானதல்ல. சுரங்கத்துக்காரர் வீட்டில் வாழ்ந்தவளுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: மேலே வந்து சேரும் கல் எந்த ஆழத்து லெவலில் வெட்டியது என்று தானாகச் சொல்லாது. பாட்டிலில் உள்ள கிருமியும் அப்படித்தான். இடத்தைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் சில வழிகள் இருந்தன. சிறுநீர்ப்பையை மருந்தால் கழுவிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புது சாம்பிள் எடுப்பார்கள். கழுவின பிறகும் கிருமி வந்தால் அது மேலிருந்து வருகிறது. இல்லையென்றால் இரண்டு சிறுநீரகத்துக்கும் தனித்தனியே மெல்லிய குழாய் விட்டு எடுப்பார்கள். அதெல்லாம் நோயாளிக்கு வேதனை. இப்போது ஸ்கேன் இருக்கிறது. என் கையில் இருப்பது காஸ்ட் தேடுவது ஒன்றுதான். என்னிடம் வேலை பழகிய ரக்‌ஷா எங்கள் தெருமுனையில் லேப் வைத்திருக்கிறாள். அவளுடைய மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன்.

இத்துடன் கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டில் அனுப்புகிறேன். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் வேண்டும். தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடி. மூடியை இறுக்கி ஷங்கரிடம் கொடு. ஐந்து மணி ரயில் என்றால் எட்டரைக்கு என் கைக்கு வரும். அதுவே சற்று அதிக நேரம்தான், பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, வாந்தி, இவற்றில் ஏதாவது உண்டா? எழுது.

உன் அண்ணன்
தியோடர்


சாம்பியன் ரீஃப்ஸ்
6 ஜூன் 2024

தியோடருக்கு,

பாட்டில் இத்துடன் வருகிறது. பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, துணி சுற்றி, மேலே நாலு அதிரசம் வைத்திருக்கிறேன். ஷங்கர் ஊறுகாயா என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதிரசத்தைச் சாப்பிட யோசிப்பாய் என்று தெரியும். இடையில் பிளாஸ்டிக் காகிதம் வைத்திருக்கிறேன், சாப்பிடு.

காய்ச்சல் இல்லை. இடது முதுகில் பிடிப்பு இருக்கிறது, அது தண்ணீர்க் குடம் தூக்கினதில் வந்தது. வாந்தி இல்லை, சாப்பாடுதான் பிடிக்கவில்லை. தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு எப்போது பிடித்தது?

பக்கம் பக்கமாக எழுதாதே. கீழேயா, மேலேயா, ஒரு வார்த்தை போதும்.

ஐரின்


விவேக் நகர்
7 ஜூன் 2024, வெள்ளி

அன்புள்ள ஐரினுக்கு,

கீழே.

நீ கேட்ட ஒரு வார்த்தை மேலே இருக்கிறது. எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

நேற்று எட்டு நாற்பதுக்கு பாட்டில் வந்தது. வியாழக்கிழமை ஆனதால் குழந்தை யேசு கோவில் கூட்டம். அதில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். நான்கு ஸ்லைடு போட்டு, ஒவ்வொன்றையும் ஓரம் ஓரமாக ஒரு மூலை விடாமல் பார்த்தேன். சீழ் அணுக்கள் ஏராளம், கிருமிகள் ஏராளம், காஸ்ட் ஒன்றுகூட இல்லை. என் கண்ணை நம்பாமல் ரக்‌ஷாவையும் பார்க்கச் சொன்னேன். அவள் முதலில் மூக்கைச் சுளித்தாள்.

"சார், இது இன்னிக்கு எடுத்ததா? நெடி தூக்குது."

"கே.ஜி.எஃப்-லேர்ந்து ரயில்ல வந்தது ரக்‌ஷா. நாலு மணி நேரம் ஆயிருக்கு."

"நாலு மணி நேரத்துக்கு இவ்ளோ நெடியா?" என்றவள், பார்த்துவிட்டு, "காஸ்ட் இல்ல சார். நீங்க ஏன் சார் இவ்ளோ பயப்படுறீங்க, உங்களுக்கு டெஸ்ட் பண்ற மாதிரி" என்றாள்.

போன தடவை கண்ணால் பார்த்ததை மழுப்பினேன். இந்தத் தடவை மழுப்பவில்லை. நோய் சிறுநீர்ப்பையில்தான் இருக்கிறது, நிச்சயம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கக் கல்ச்சர் போட்டிருக்கிறோம். விவரம் தனிச்சீட்டில் வரும், கிளினிக் டாக்டரிடம் காட்டு.

அதிரசம் சாப்பிட்டேன்.

தியோடர்


சாம்பியன் ரீஃப்ஸ்
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் 'கீழே' வந்தது. படித்துவிட்டு எழுந்து கேசரி கிளறினேன். சர்க்கரைக்காரி கேசரி கிளறினாளே என்று எழுதாதே. ஒரு ஸ்பூன்தான் சாப்பிட்டேன், மீதி ஷங்கர் வீட்டுக்குப் போயிற்று.

மூன்று தடவை மாத்திரை கொடுத்தும் விடவில்லையே என்று கிளினிக் டாக்டர் கடைசியில் பயந்துபோய், "கோலார் போயி ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று எழுதினார். "எங்கண்ணன் பெங்களூர்ல பாத்துட்டாரு, கீழதான், ஸ்கேனெல்லாம் வேணாம்" என்றேன். அந்த ஆள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி ஒருவரிடம் பெருமையாகப் பேசினேன்.

உன் பாட்டிலால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நம் சுரங்கத்து லைன் வீடுகளுக்குக் கக்கூஸ் இன்னும் தெருமுனையில்தான். ஷங்கர் கிளம்புகிற நேரம், ரயிலுக்குப் போகிற ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர் பைப்படியில் நிற்பார்கள். அவர்கள் நடுவே கையில் பாட்டிலோடு நடந்து வந்து, அதையும் சூடாக ஒருவர் கையில் கொடுப்பேனா? முதல் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கே, தெருவில் யாரும் இல்லாதபோது பிடித்து, டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். காலையில் கௌரவமாக எடுத்துக் கொடுத்தேன். எப்படி என் மூளை?

நேற்றுப் பூசையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். பல் தந்தியடிக்கிற மாதிரி குளிர். பக்கத்தில் இருந்தவள் தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். ஜூன் மாசத்தில் இந்தக் குளிர் புதிது.

ஜூலையில் மாதா திருவிழா வருகிறது. ஒரு நாள் சாப்பிட வா. வரக்கூடாது என்று நான் எழுதினதை நானே அடித்துவிடுகிறேன்.

உன் தங்கை
ஐரின்


விவேக் நகர்
14 ஜூன் 2024, வெள்ளி

அன்புள்ள ஐரினுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலை கிடைத்தது. சாப்பிட அழைத்ததற்கு மிகவும் சந்தோஷம்.

சாம்பிள் பற்றி ஒரு சிறு விஷயம். நீ பயப்படும்படி எதுவும் இல்லை. காஸ்ட் என்பது அதிக நேரம் நிற்காத பொருள். சிறுநீர் வெளியே வந்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது. கிருமிகள் பெருகி, சிறுநீர் காரத்தன்மைக்கு மாறினால் காஸ்ட் கரைந்துபோவது உண்டு. முதல் நாள் மாலையே பிடித்தது என்று நீ எழுதியதைச் செவ்வாயன்று படித்ததும், நான் 'இல்லை' என்று சொன்னதற்கு அவ்வளவு மதிப்பு இருக்குமா என்ற சந்தேகம் வந்தது. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். புதிதாகப் பிடித்து உடனே கொடுக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை நான்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

ஆகவே, முடிந்தால், வசதிப்பட்டால், டாக்டர் சொன்ன ஸ்கேனை எடுத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். குளிர் மறுபடி வந்ததா? அந்த முதுகுப் பிடிப்பு இடது விலா எலும்புக்குக் கீழே என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம்.

உன் அண்ணன்
தியோடர்


சாம்பியன் ரீஃப்ஸ்
15 ஜூன் 2006

அண்ணா,

ஷங்கர் நேற்று ராத்திரி உன் கடிதம் கொடுத்தார். முடிந்தால் என்று எழுதியிருக்கிறாய். முடியவில்லை. எழுந்தால் தரை சாய்கிறது. வசதிப்பட்டால் என்றும் எழுதியிருக்கிறாய். மாதா திருவிழா முடியட்டும்.

குளிர் இல்லை. இப்போது சூடு. போர்வையெல்லாம் நனைந்துவிட்டது. குளிர் இல்லை. இப்போது சூடு.

கில்பர்ட்டுக்கு இன்னும் மாத்திரை வாங்கவில்லை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது வாங்கி வா. அவர் முதல் ஷிஃப்டுக்குப் போகவேண்டும்.

ஐரின்


பெங்களூர், ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி
16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள ஐரினுக்கு,

நீ விழித்தால் படிக்கக் கொடுக்கச் சொல்லி இதை நர்ஸிடம் தருகிறேன். உன் காதருகே கத்திப் பார்த்தார்களாம், நீ திரும்பவில்லை. எழுதிக் காட்டுங்கள் என்று சொன்னேன்.

எங்கே இருக்கிறோம் என்று குழம்பாதே. நேற்றுக் காலை உன் கடிதம் வந்தது. தேதியில் 2006 என்று போட்டிருந்தாய். அதைப் பார்த்ததும் உன் நிபந்தனையை மீறி ஹெலனுக்கு ஃபோன் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு அவள் எனக்கு வாழ்த்து அனுப்புவாள், அதனால் எண் என்னிடம் இருந்தது. "மாமா, நீங்களா?" என்று கேட்டாள். வாடகை வண்டி பிடித்து நேரே சாம்பியன் ரீஃப்ஸ் வந்தாள். ஷங்கரின் மனைவியும் அவளும் உன்னைப் போர்வையோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மூன்று மணிக்கு இங்கே வந்தீர்கள்.

நீ கேட்ட கேள்விக்கு சி.டி. ஸ்கேன் பத்து நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டது. மேலே. இடது சிறுநீரகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அபூர்வமாக வருகிற வகை. கிருமிகளே சிறுநீரகத்துக்குள் வாயுவை உண்டாக்கும். படத்தில் கறுப்பாகக் குமிழ் குமிழாகத் தெரிந்தது. டாக்டர் அதை ஹெலனுக்குக் காட்டினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். முதுகு வழியாகக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்து இழுக்காதே. இரண்டு நாளில் அடங்காவிட்டால் அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். வலது பக்கத்தது சர்க்கரையால் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. அது தனியாகத் தாங்குமா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இதை உன்னிடம் மறைக்கலாமா என்று ஹெலன் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

என் கடிதங்களை உன் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து அவள் படித்துவிட்டாள். "'முடிந்தால்'னு எழுதியிருக்கீங்க மாமா" என்றாள். அதற்குப் பிறகு எனக்குக் காப்பி வாங்கி வந்தாள்.

தியோடர்


18 ஜூன், மத்தியானம்

அண்ணா,

பென்சிலும் இந்த அட்டையும் நர்ஸ் கொடுத்தாள். படுத்தபடி எழுதுகிறேன், புரிகிறபடி படி.

குழாய் போதவில்லையாம். நாளைக் காலை ஏழு மணிக்குச் சிறுநீரகத்தை எடுக்கப்போகிறார்கள். ஹெலன் எழுதிக் காட்டினாள். அழுகிறாள். என் எதிரில் அழாதே என்று திட்டினேன்.

உன் கடிதங்களை ஹெலனிடமிருந்து வாங்கி மறுபடி படித்தேன். நேரம் நிறைய இருக்கிறது. சாம்பிள் பழையது என்று உனக்குத் தெரிந்தது செவ்வாய். எனக்கு எழுதினது வெள்ளி. நீயேதான் இரண்டு கிழமையையும் எழுதியிருக்கிறாய். எதையும் ஒழுங்காகக் குறித்து வைக்கிறவன்.

ஷங்கர் தினமும் உன் தெரு வழியாகத்தான் போகிறார். ஹெலன் எண் உன்னிடம் இருந்தது. புதன், வியாழன் என்ன செய்தாய்?

சமாதானம் சொல்லாதே. நாளைக்கு உள்ளே போகிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியவேண்டும்.

ஐரின்


18 ஜூன் 2024, மாலை ஐந்து மணி

அன்புள்ள ஐரினுக்கு,

செவ்வாய் காலை உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். 'சாயங்காலம் அஞ்சு மணி' என்ற இடத்துக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று உனக்கு எழுதினேன். சந்தேகம் இல்லை. அந்த நெடி ஏன் வந்தது, சாதாரணமாக ஆறு இருக்கும் பி.எச். அளவு எட்டரை, முழுக் காரம் என்று நானே நோட்டில் எழுதியும் ஏன் கவனிக்கவில்லை, எல்லாம் அந்த நிமிஷமே புரிந்தது. குளிர் என்று நீ எழுதியதைப் படித்தபோது நோய் மேலேதான் என்று இடமும் புரிந்தது.

உடனே எழுதினேன். அது இரண்டு வரி. 'என் ரிப்போர்ட் தவறு. இன்றே ஹெலனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ.' அதை ஷங்கரிடம் கொடுக்க அன்று மாலையே அச்சகத்துக்குப் போனேன். அவர் வாசலில் நின்று ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் கையை வைத்தபடி எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

புதன்கிழமை ரக்‌ஷாவிடம் போய் அந்த ஸ்லைடுகளைக் கேட்டேன். "அதெல்லாம் அன்னிக்கே போட்டாச்சு சார்" என்றாள். இருந்திருந்தாலும் பயன் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். மாலையில் கடிதத்தைத் திருத்தினேன். 'தவறு' என்பது 'சிறு விஷயம்' ஆயிற்று. வியாழக்கிழமை 'இன்றே' என்பது 'முடிந்தால்' ஆயிற்று. ஹெலன் எண்ணை எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். உனக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொண்டேன். அது வாக்குக்காக அல்ல.

உன்னைப் பயமுறுத்தக்கூடாது என்றுதான் அப்படித் திருத்தினேன் என்று இதுவரை எனக்கே சொல்லிவந்தேன். ஹெலனிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பொய்.

ஒருவரிடம் என்னைப் பெருமையாகப் பேசினதாக எழுதியிருந்தாய். சாப்பிட வா என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிகள் எனக்குப் பதினெட்டு வருஷம் கழித்து வந்தவை. என் கடிதம் உன் கைக்கு வந்தால் அன்றோடு அவை போய்விடும். இரண்டு நாளாவது என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். புதனும் வியாழனும் நான் செய்தது அதுதான்.

ஏழு மணிக்கு உன்னை இந்த வராந்தா வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் ஆறு மணிக்கே வந்துவிடுவேன். வாசலில் நிற்பதா, கண்ணில் படாமல் கீழே இருப்பதா என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி ஹெலனிடம் கொடு. எதை எழுதினாலும் அப்படியே செய்கிறேன்.

தியோடர்